வீலக்கா கேட்ட ரோடு

படகுத்துறையிலிருந்து ஊருக்குள் ஏறும் சரிவு முழுக்க உருண்டைக் கல். யார் எந்தக் காலத்தில் பதித்தார்களோ தெரியாது, ஆனால் பதித்தவர்கள் யாரும் பெட்டி இழுத்துக்கொண்டு அதில் நடந்திருக்க மாட்டார்கள். தீவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அந்தக் கல் அழகு. குனிந்து குனிந்து படம் எடுப்பார்கள். எடுத்து முடித்துப் பெட்டியை இழுக்கத் தொடங்கியதும் அழகு போய்விடும். கடகட, கடகட என்று தெருவே அதிரும். அப்புறம் ஒரு பெட்டியின் கடகட மட்டும் நின்று, தரையோடு தேயும் சத்தம் வரும். யாரோ ஒருவருக்கு வீல் போயிற்று என்று அர்த்தம்.

அந்த யாரோ ஒருவர் நேராக வந்து நிற்கும் இடம் வீலக்காவின் கடை. ரொட்டிக்கடைக்கும் தொப்பிக்கடைக்கும் நடுவில் ஒரே ஒரு ஷட்டர். உள்ளே சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் பெட்டி வீல்கள், சின்னதும் பெரிதுமாக. மூலையில் ஜிப் சுருள்கள், கழற்றி வைத்த கைப்பிடிகள், சாவி தொலைந்த பூட்டுகள். வீல் மாற்றுகிற அக்கா வீலக்கா ஆகிவிட்டாள். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவாள்.

இந்தச் சரிவு இல்லாவிட்டால் அவளுக்குப் பிழைப்பு இல்லை. அப்படியிருந்தும் அந்தச் சரிவை அவளைப் போல வாய் நிறையத் திட்டியவர் தீவில் கிடையாது. உடைந்த பெட்டியோடு யார் வந்தாலும், பழைய வீலைக் கழற்றிக்கொண்டே ஆரம்பித்துவிடுவாள்.

"பாருங்க, அச்சே வளைஞ்சு போச்சு. இதெல்லாம் ஒரு ரோடா? என்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? மேல ஆபீஸ் இருக்கு, அங்க போயி சொல்லுங்க. நாங்க சொன்னா காதுல வாங்க மாட்டாங்க. நீங்க விருந்தாளிங்க, நீங்க சொன்னாத்தான் உறைக்கும்."

சொல்வதோடு விடமாட்டாள். ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்து, தீவு அலுவலகத்துக்குப் போகும் வழியைக் காட்டுவாள். வந்தவர்கள் ஊர் பார்க்கப் போகிறார்களோ இல்லையோ, அலுவலகத்துக்குப் போய்விடுவார்கள். பெட்டியோடு யார் ஏறி வந்தாலும் அங்கே இருக்கிறவர்கள் புகார் நோட்டை எடுத்து வைத்துவிடுவார்கள்.

"அக்கா, தன் வியாபாரத்துக்குத் தானே குழி தோண்டுற ஆளை உன்கிட்டத்தான் பாக்குறேன்," என்பார் எதிரே இருக்கும் டீக்கடைக்காரர். கடைக்காரர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். டீ ஆற்றுகிற நேரத்தைவிட வாய் ஓடுகிற நேரம் அதிகம். தெருவில் ஒரு பூனை குறுக்கே போனாலும் அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க மாட்டார்.

"தோண்டுறேன். விழப்போறது நான்தானே? நீ உன் டீயைக் கவனி."

அவள் எதற்காகத் தோண்டுகிறாள் என்று டீக்கடைக்காரருக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். சரிவின் உச்சியில், விருந்தாளிகள் தங்கும் ஓட்டலையும் தாண்டி, ஒரு வீட்டு ஜன்னலோரத்தில் ஒரு மனிதர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் வீட்டுக்காரர். ஒரு காலத்தில் இந்தத் துறைக்கு ஆட்களை ஏற்றி வந்த படகை ஓட்டியவர். ஒருநாள் அலை தூக்கியடித்ததில் படகுக்கும் துறைச் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டார். உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்வு மிஞ்சவில்லை. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் போனதுதான், அதற்கப்புறம் அவர் துறைப் பக்கம் இறங்கியதே இல்லை. அந்தக் கல்லில் சக்கர நாற்காலி இரண்டடி நகராது. மருத்துவர்தான் மேலே ஏறிப் போவார்.

"நாலு பேரு சேர்ந்து தூக்கிட்டு வர்றோம்ணே, ஒரு நாள் கடலைப் பாத்துட்டுப் போங்க," என்று டீக்கடைக்காரர் கேட்டுப் பார்த்தார்.

"நாலு பேரு தூக்குறது ஒரு தடவைதான்பா. அதுக்கு இன்னும் நாள் இருக்கு," என்று சொல்லிவிட்டார் அவர்.

ஆனால் மனிதர் சும்மா இருக்கவில்லை. பழைய படகில் இருந்த பைனாகுலர் அவரிடம் இருந்தது. படகு வந்து நின்றதும் அதைக் கண்ணில் வைத்துக்கொள்வார். உடனே கீழே கடையில் வீலக்காவின் ஃபோன் அடிக்கும்.

"நீலப் பெட்டி. பெருசு. வலது பக்கம் ஆடுது. ரொட்டிக்கடை வரைக்கும் தாங்காது."

"சரிங்க."

"பின்னாடி ஒரு அம்மா. பெட்டி புதுசு, ஆனா மட்டமான சரக்கு. பாதி வழியில போயிரும். நடு சைஸ் எடுத்து வை."

"எடுத்து வைக்கிறேன். ஃபோனை வைங்க, கையில வேலை இருக்கு."

"அந்த நீலப் பெட்டிக்காரன் கொஞ்சம் அவசரக்காரன் மாதிரி தெரியுது. பாத்துப் பேசு."

அவர் சொன்னது தப்பாது. பெட்டி உடைவதற்கு முன்பே வீல் எடுத்து மேசையில் தயாராக இருக்கும். வருகிறவர்கள் மாயமோ மந்திரமோ என்று முழிப்பார்கள். வீலக்காவுக்கோ, ஒரு படகுக்கு இத்தனை ஃபோன் என்றால் எரிச்சல் மூக்குக்கு மேல் வந்து நிற்கும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ஃபோனை இடுக்கி இடுக்கிக் கழுத்தே ஒரு பக்கம் சாய்ந்துபோனது. "அங்கேருந்து என் உயிரை எடுக்கிறதுக்கு, இங்க வந்து பக்கத்துல உக்காந்து எடுக்கலாம்ல," என்று ஃபோனை வைத்த பிறகு சொல்லிக்கொள்வாள். அதுதான் அவள் ஆசை. வேறு ஆசை எதுவும் அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. வீட்டுக்காரர் இந்தச் சரிவில் இறங்கி வந்து, தன் கடை வாசலில் உட்கார்ந்து, துறையைப் பார்க்க வேண்டும். அதற்கு ரோடு வேண்டும்.

ஒருநாள் ரோடு வந்தேவிட்டது. அதாவது, வரப்போகிறது என்று சங்கக் கூட்டத்தில் டீக்கடைக்காரர் சொன்னார். விருந்தாளிகளின் புகார் தாங்க முடியாமல் தீவு அலுவலகம் இறங்கி வந்துவிட்டது. சரிவின் நடுவில் இரண்டு பேர் பெட்டியோடு நடக்கிற அகலத்துக்குக் கல்லைப் பெயர்த்துவிட்டு வழவழவென்று சிமென்ட் போடுவார்கள். வேலை முடிகிற வரை சரிவில் உள்ள கடைகள் எல்லாம் அடைக்க வேண்டும். ஒரு கடை மாட்டேன் என்றாலும் வேலை நடக்காது.

அவர் சொல்லி முடித்ததும் எல்லோரும் வீலக்காவைப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன எல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறீங்க? எழவு வீட்டுக்கு வந்த மாதிரி."

"இல்லடி, உன் பொழைப்பு," என்று இழுத்தாள் ரொட்டிக்கடைக்காரி. "நாங்க எல்லாம் பேசினோம். நீ வேணும்னா ஜூஸ் கடை போட்டுக்கோ. என் கடை மிக்ஸிய எடுத்துக்கோ."

"நான் ஜூஸ் கேட்டேனா? ரோடுதானே கேட்டேன். வீல் உடையாட்டி ஜிப்பு அறும். பெட்டி கொள்ளாத அளவுக்குத் துணியைத் திணிக்கிறதை எந்த ரோடும் நிறுத்தாது. போடச் சொல்லுங்க."

வீறாப்பாகத்தான் சொன்னாள். ஆனால் கடைக்குத் திரும்பி வந்து சுவரில் தொங்கிய வீல்களைப் பார்த்தபோது பயம் பிடித்துக்கொண்டது. இருந்தாலும் அந்தப் பயத்தைச் சந்தோஷம் அமுக்கிவிட்டது. ஷட்டரை இழுத்துவிட்டு, மூச்சு வாங்க மேலே ஏறிப் போய், வாசற்படியில் நின்றபடியே சொன்னாள்.

"ரோடு போடப் போறாங்க."

அவர் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"யாரைக் கேட்டுப் போடுறாங்க?"

"எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. நானும்தான்."

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? கடை என்னாகுறது?"

"கடையை நான் பாத்துக்கறேன். நீங்க கீழ வரலாம்ல."

"நான் வரணும்னு உன்கிட்ட எப்பவாவது கேட்டேனா?"

வீலக்கா அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை வருடம் தொண்டைத் தண்ணி வற்றக் கத்தியது யாருக்காக? வீல் போட வந்தவர்களையெல்லாம் அலுவலகத்துக்கு விரட்டியது யாருக்காக? அதை அவர் கேட்டாரா என்றால், கேட்கவில்லைதான். அவளும் கேட்டுப் பார்க்கவில்லைதான். நடக்க முடியாத மனிதருக்கு வழி வேண்டும் என்பதை வேறு கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று அவள் இருந்துவிட்டாள்.

"உங்களுக்காக நாயா அலைஞ்சேன் பாருங்க, என்னைச் சொல்லணும்," என்று சமையலறைக்குள் போனாள். பாத்திரங்கள் பேசத் தொடங்கின. மறுநாளும் பாத்திரங்கள்தான் பேசின.

வேலை நடந்தது. கல் பெயர்ந்தது, புழுதி பறந்தது, சிமென்ட் காய்ந்தது. புது ரோட்டில் முதல் படகில் வந்தவர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறியபோது தெருவில் ஒரு சத்தமும் இல்லை. பெட்டிகள் எண்ணெய் தடவியது போல வழுக்கிக்கொண்டு வீலக்காவின் கடையைத் தாண்டிப் போயின. ஃபோன் அடித்தது.

"எல்லாம் நல்லாத்தான் போகுது," என்றார் அவர். வைத்துவிட்டார்.

அது போகட்டும். கடையை அடைத்துவிட்டு அவரைக் கூட்டி வருவதற்காக அவள் மேலே ஏறினாள். ஓட்டல் வாசலைத் தாண்டி ஒரு எட்டு வைத்தவளுக்குக் கால் இடறியது. குனிந்து பார்த்தாள். உருண்டைக் கல். ரோடு ஓட்டல் வாசலோடு நின்றிருந்தது. வேலை நடந்தவரை பின்படிக்கட்டு வழியாகவே போய் வந்ததில் அவள் இதைப் பார்க்கவில்லை. அங்கிருந்து அவள் வீட்டு வாசலுக்கு ஒரு படகு நீளம் இருக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு படகு நீளத்துக்கும் பழைய கல் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

அலுவலகத்துக்குப் போனாள். இந்தத் தடவை அவளே போனாள்.

"விருந்தாளிங்க நடக்குற வழி வரைக்கும்தாம்மா திட்டம். ஓட்டலுக்கு அந்தப் பக்கம் பெட்டியோட யாரும் போறதில்லையே. புகார் எதுவும் வரலையே," என்றார் அங்கிருந்தவர். அவர் சொன்னது உண்மைதான். வந்த அத்தனை புகாரும் பெட்டியைப் பற்றித்தான். வீலக்கா கற்றுக்கொடுத்த புகார். ஒருவரிடமாவது, 'என் வீட்டுக்காரர் மேலே இருக்கிறார்' என்று சொல்லியனுப்ப அவளுக்குத் தோன்றவில்லை. தன் தலையில் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் சிரித்தார். அடக்க முடியாமல் சிரித்தார். மனிதர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"விடு. நமக்கு அமையல. நான் இங்கேயே இருக்கேன்."

சந்தோஷமாக இருக்கிறார். போக வழியில்லை என்றதும் சந்தோஷமாக இருக்கிறார். வீலக்காவுக்கு உச்சந்தலை சூடேறியது. பின்கட்டுக்குப் போனாள். கடப்பாரையை எடுத்தாள். வாசலுக்கு வந்து முதல் கல்லின் இடுக்கில் ஓங்கி ஒரு குத்து குத்தினாள். கல் அசையவில்லை. இன்னொரு குத்து. சத்தம் மட்டும் சரிவின் அடி வரைக்கும் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் ரொட்டிக்கடைக்காரி மாவுக் கையோடு மேலே வந்தாள். "அடுப்புல ரொட்டி வெச்சுட்டு வந்திருக்கேன். என்னடி பண்ற?"

"பாத்தா தெரியல? ரோடு போடுறேன்."

"இந்த லட்சணத்துல போட்டா உன் பேரன் கல்யாணத்துக்குத்தான் முடியும். தள்ளு."

அவளுக்குப் பின்னால் தொப்பிக்கடைக்காரர் வந்தார். விற்காத தொப்பிகளில் ஒன்றை வீலக்காவின் தலையில் கவிழ்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார். டீக்கடைக்காரர் தன் கடைக்குப் பின்னால் வேலைக்காரர்கள் விட்டுப்போன சிமென்ட் மூட்டைகளை உருட்டிக்கொண்டு வந்தார். அது சங்கத்துக்குச் சொந்தமா அலுவலகத்துக்குச் சொந்தமா என்று தொப்பிக்கடைக்காரர் கேட்டார். "மழை பெஞ்சா கல்லாயிரும். அப்புறம் யாருக்குச் சொந்தம்?" என்றார் தலைவர். இதில் யாருக்கும் கொத்து வேலை தெரியாது. தண்ணீர் அதிகமாகி, சிமென்ட் குறைந்து, அப்புறம் சிமென்ட் அதிகமாகி, ஒருவரையொருவர் குறை சொல்லி, ரொட்டி கருகும் வாசனை வந்து, ரொட்டிக்கடைக்காரி ஓடிப்போய், கருகாத பாதியை எல்லோருக்கும் தின்னக் கொண்டுவந்து, ஒருவழியாக முடித்தார்கள். கீழே ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. படகில் வந்தவர்கள் டீ கிடைக்காமல் ஏறி வந்து, ஓட்டல் வாசலில் நின்று இவர்களை வேடிக்கை பார்த்தார்கள்.

போட்ட ரோடு அலுவலகம் போட்டதைப் போல வழவழப்பாக இல்லை. இடது பக்கம் கொஞ்சம் சரிந்திருந்தது. ஆனால் நாற்காலி போகும்.

காய்ந்த பிறகு ஒரு காலையில் வீலக்கா அவருக்குச் சலவைச் சட்டையைப் போட்டுவிட்டாள். நாற்காலியை வாசல் வரை தள்ளினாள். வாசலில் அவர் இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"கையை எடுங்க."

"வேண்டாம்."

"இன்னும் என்னங்க வேண்டாம்? கல்லு போச்சு. ரோடு வந்தாச்சு. இதுக்கு மேல என்ன நான் பண்ணணும், சொல்லுங்க. கடலை இங்க கொண்டு வரணுமா?"

அவர் நிலையை விடாமல், தரையைப் பார்த்தபடி சொன்னார். "அப்பல்லாம் இந்தத் துறையில நான் நின்னேன்னா, நிமிந்து பாப்பாங்க என்னை. இப்ப எல்லாரும் குனிஞ்சு பாப்பாங்க. எனக்கு அது பயமா இருக்கு."

அவ்வளவுதான் விஷயம். இத்தனை வருடமும் கல்லைச் சாக்கு வைத்துக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அவளும் கல்லையே திட்டிக்கொண்டு இருந்துவிட்டாள். வாயில் வந்த கோபம் வாயிலேயே நின்றது. நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள்.

"இங்கேயே இருங்க. இதோ வர்றேன்."

கீழே இறங்கிக் கடை கடையாகப் போனாள். "அவர் வர்றாரு. யாரும் பாக்கக் கூடாது. வாங்கண்ணேன்னு சொல்லக் கூடாது, எப்படி இருக்கீங்கன்னு கேக்கக் கூடாது. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உங்க வேலையைப் பாருங்க. ஒருத்தர் திரும்பினாலும் அப்புறம் என் வாயில விழுவீங்க." டீக்கடைக்காரரிடம் மட்டும் இரண்டு தடவை சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

மேலே வந்து, "தெருவுல ஈ காக்கா இல்ல. எல்லாரும் வேலையா இருக்காங்க. போவோம்," என்றாள். அவர் ஒவ்வொரு விரலாகக் கையை எடுத்தார்.

கடைக்காரர்கள் சொன்ன சொல் காப்பாற்றினார்கள். தேவைக்கு அதிகமாகவே காப்பாற்றினார்கள். ரொட்டிக்கடைக்காரி தெருவுக்கு முதுகு காட்டி அடுப்புக்குள் தலையை விடாத குறை. தொப்பிக்கடைக்காரர் சுவரைப் பார்த்து நின்று, அடுக்கிய தொப்பிகளையே கலைத்து மறுபடி அடுக்கினார். டீக்கடைக்காரர் கழுவின டம்ளரையே கழுவிக்கொண்டிருந்தார். நாற்காலி மெதுவாக இறங்கியது. சக்கரம் உருள்வதுகூடக் கேட்கவில்லை.

பாதிச் சரிவில் அவர் அந்தப் பக்கம் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார். தொண்டையைச் செருமினார். ஒருவரும் அசையவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாகச் செருமினார்.

"நிறுத்து."

"என்னங்க, குலுங்குதா?"

"இத்தனை வருஷம் கழிச்சு வர்றேன். ஒருத்தன் ஏன்னு திரும்பிப் பாக்கலியே." அவர் சலவைச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "என்னை அவ்வளவு சுலபமா மறந்துட்டாங்களா?"

வீலக்காவுக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா, இந்த மனிதரைத் தூக்கிக் கடலில் போட வேண்டும் என்று வந்ததா, அவளுக்கே தெரியாது. மூன்றும் ஒன்றாகத்தான் வந்திருக்க வேண்டும். பிரேக்கைப் போட்டாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நடுத் தெருவில் நின்றாள்.

"ஏன் எல்லாரும் சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? என் வீட்டுக்காரர் வந்திருக்காரு. கண்ணு தெரியலையா உங்களுக்கு? திரும்பிப் பாருங்க."

டீக்கடைக்காரர்தான் முதலில் திரும்பினார். கையில் டம்ளர் இருந்தது, முகம் நனைந்திருந்தது. வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, நாற்காலிக்கு முன்னால் தரையில் அப்படியே உட்கார்ந்து, அவரை அண்ணாந்து பார்த்தார்.